செயின்சா மில் வழுக்கிப் போகவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வேர் வாடல் நோயால் வெட்டப்படும் தென்னைகள், ஆடிக்காற்றில் சாயும் வேம்பும் வாகையும், சாலை விரிவாக்கத்துக்காக விழும் புளியமரங்கள் என்று கொங்கு நாட்டில் நல்ல மரம் நிறையவே தரையில் கிடக்கிறது. பெரும்பகுதி விறகாகவும் செங்கல் சூளைக்கும் போய்விடுகிறது. மரம் விழுந்த தோட்டத்திலேயே அதைப் பலகையாக்க நினைப்பவர்களுக்குச் செயின்சா மில் கைகொடுக்கும். செயின்சாவின் பாரை, அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகட்டை, ஒரு சட்டகத்தில் பூட்டி, அடிமரத்தின்மேல் கிடத்திய வழிப்பலகையில் அந்தச் சட்டகத்தைத் தள்ளிக்கொண்டே போனால், கீழே பலகை அறுந்து வரும். அமைப்பு இவ்வளவுதான்.

வாங்கியவர்கள் எல்லோரிடமிருந்தும் வரும் புகார் ஒன்றுதான்: சட்டகம் வழுக்கிப் போவதில்லை. முக்கித் தள்ள வேண்டியிருக்கிறது, நடுவில் நின்றுவிடுகிறது, பலகை அலை அலையாக வருகிறது. உடனே வெல்டிங் பட்டறைக்குப் போய் நான்கு சக்கரம் வைத்துவிடலாம் என்று தோன்றும். சக்கரத்தைக் கடைசியாக யோசியுங்கள் என்பதே என் வேண்டுகோள். உரசல் மூன்று இடங்களில் பிறக்கிறது. சட்டகத்தின் அடியில் இருந்து நகரும் அடிச்சட்டம் வழிப்பலகையில் உரசலாம். இயந்திரப் பக்கத்தில் பாரைப் பிடித்திருக்கும் தாங்கி மரத்தின் விலாவில் உரசலாம். மூன்றாவது, சங்கிலியே மரத்துக்குள் திணறலாம். எந்த இடம் என்று தெரியாமல் செய்யும் எந்த மாற்றமும் வீண் செலவு.

முதலில் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடியுங்கள்

இயந்திரம் நின்றிருக்க வேண்டும், சங்கிலி பிரேக் போட்டிருக்க வேண்டும். வழிப்பலகையை இரண்டு முக்காலிகளின்மேல், நுனிகளில் தாங்குமாறு வைத்து, செயின்சா பூட்டிய மில்லை அதன்மேல் ஏற்றுங்கள். பார் பலகைக்குக் கீழே காற்றில் தொங்கும்; மரம் எதையும் தொடாது. சந்தையில் பயன்படுத்தும் தொங்கு தராசு ஒன்றைச் சட்டகத்தின் முன்பக்கம் மாட்டி, மெதுவாக இழுத்து எண்ணைப் பாருங்கள். மில்லும் செயின்சாவும் சேர்ந்து 15 கிலோ இருந்தால், இழுக்க 5 கிலோவுக்குமேல் தேவைப்படும்போது அடிச்சட்டத்தில்தான் வேலை இருக்கிறது. 3 கிலோவை ஒட்டி நின்றால் அடிச்சட்டத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்த சோதனையை அறுப்பின் நடுவில் செய்ய வேண்டும். ஓரிரு அடி அறுத்ததும் இயந்திரத்தை நிறுத்தி, சங்கிலி முழுதாக நின்றபின், மில்லை அரையடி பின்னால் இழுத்து மறுபடி முன்னால் தள்ளுங்கள். ஏற்கெனவே அறுந்த தடத்தில்தான் அது நகர்கிறது. சங்கிலிக்கு அங்கே வேலை இல்லை. அங்கேயும் கனத்தால், மரம் பாரைக் கவ்வுகிறது. அங்கே லேசாகப் போய், இயந்திரம் ஓடும்போது மட்டும் கனத்தால் குற்றம் தாங்கியிலோ சங்கிலியிலோ: மில் ஒரு பக்கமாகத் திரும்பினால் தாங்கி, தூள் மாவாக வந்தால் சங்கிலி.

இந்த இரண்டு சோதனைகளுக்கும் கால் மணி நேரம்கூட ஆகாது. பட்டறைக்குப் புறப்படுமுன் இவற்றைச் செய்துவிடுங்கள்.

அறிகுறி: காற்றில் தொங்கும்போதே வழிப்பலகையில் கரகரவென்று உரசுகிறது

அடிச்சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு போல்ட் தலை அரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கும். அல்லது அலுமினியக் குழாயை அறுத்த முனையில் பிசிறு நிற்கும். தட்டை அரத்தால் முனையை உருட்டிவிடுங்கள். துருத்தும் போல்ட்டுக்குப் பதிலாக, தலை உள்ளே அமுங்கும் போல்ட்டைப் போடுங்கள். பாதிப் பேருக்கு இதோடு தீர்வு கிடைத்துவிடும்.

அதற்குப் பிறகும் கனமாக இருந்தால் அலுமினியமே காரணம். அலுமினியம் மென்மையான உலோகம். பச்சை மரத்தின் பிசினும் தூளும் அதில் அப்பி, தள்ளத் தள்ள அதன் முகம் சொரசொரப்பாகிக்கொண்டே போகும். வேம்பு அறுத்தால் பிசின் இன்னும் அதிகம். இங்கே செய்யத்தக்க நல்ல மாற்றம், அடிச்சட்டத்தின் கீழ்முகம் முழுவதும் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைப் பொருத்துவது.

எந்தப் பிளாஸ்டிக்? தொழிற்சாலைப் பிளாஸ்டிக் விற்கும் கடைகள் கோயம்புத்தூரில் பல உண்டு, அங்கே யு.எச்.எம்.டபிள்யூ. பாலித்தீன் தகடு என்று கேளுங்கள். நாடாத் தறியில் நாடாவை அடித்து விரட்டும் பிக்கர் கட்டைகள் இந்த வகைப் பொருளில் செய்யப்படுவதுண்டு. நாள் முழுவதும் அடி வாங்கியும் அது எவ்வளவு காலம் தாங்குகிறது என்பது சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நைலான் இதைவிட எளிதில் கிடைக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சி உப்பும். பச்சை மரத்தின்மேல் ஓடப்போகும் பட்டைக்கு அது பெரிய குறை. டெஃப்லான் எல்லாவற்றையும்விட வழுக்கும். விலை அதிகம், மென்மையானதால் மணல் ஏறிக் கீறிவிடும். என் தேர்வு பாலித்தீன்தான்.

5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டிலிருந்து அடிச்சட்டத்தின் அகலத்துக்குப் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். பசை இந்தப் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, திருகுதான் வழி. திருகுத் தலை பட்டையின் முகத்துக்குக் கீழே குறைந்தது ஒரு மில்லிமீட்டர் அமுங்கியிருக்க வேண்டும். பட்டை தேயத் தேயத் தலை வெளியே வரும் என்பதால் இந்த இடைவெளியில் சிக்கனம் வேண்டாம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பிளாஸ்டிக் வெயிலில் நீளும். பங்குனி, சித்திரை வெயிலில் தோட்டத்தில் கிடக்கும் மில்லின் பட்டை, இறுக்கித் திருகப்பட்டிருந்தால் நடுவில் புடைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு திருகை மட்டும் வட்டத் துளையில் இறுக்குங்கள். மற்றவற்றுக்கு நீள்துளை போட்டு, பட்டை நீள இடம் கொடுங்கள்.

பட்டை போட்டதும் பலகையின் கணக்கு மாறும். அடியில் 5 மில்லிமீட்டர் ஏறிவிட்டதால், சட்டகத்தின் தூணில் பலகைத் தடிமனைக் காட்டும் அளவுகோல் 30 மில்லிமீட்டர் என்று காட்டினாலும் பலகை 25 மில்லிமீட்டர்தான் வரும். அளவுகோலை நகர்த்தி ஒட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை.

வழிப்பலகையின் முகத்தில் மெழுகுவத்தியை எடுத்து அழுத்தித் தேய்ப்பது மிக மலிவான உதவி. ஒவ்வொரு அறுப்புக்கும் முன்னால் ஒருமுறை தேய்த்தால் போதும். எண்ணெய், கிரீஸ் இரண்டும் கூடாது. தூளோடு சேர்ந்து பசையாக மாறி முன்னைவிடக் கனக்கும். பலகைக்குள் ஊறிவிட்டால் பிறகு வார்னிஷும் பிடிக்காது.

அறிகுறி: வழிப்பலகையில் லேசாகப் போகிறது, மரத்தில் ஏறியதும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு கனக்கிறது

செயின்சா மில்லில் பலரும் கவனிக்கத் தவறும் இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த திருத்தமும் இங்கேதான் இருக்கிறது.

பாரின் வெட்டும் விளிம்பில் சங்கிலி மூக்கிலிருந்து, அதாவது பாரின் நுனியிலிருந்து, இயந்திரத்தை நோக்கி ஓடுகிறது. பற்கள் மரத்தைப் பிடித்து இழுக்கும்போது, அதற்கு எதிர்வினையாக இயந்திரமே மரத்தை நோக்கி இழுபடுகிறது. முழு வேகத்தில் ஓடும் இயந்திரத்தின் இழுப்பு சாதாரணமானதன்று. அறுப்பு தொடங்கியதிலிருந்து முடியும்வரை இயந்திரப் பக்கத் தாங்கியோ, அதனருகில் உள்ள கூர்முள் தகடோ மரத்தின் விலாவில் அழுந்திக்கொண்டே வருகிறது. நீங்கள் முன்னால் தள்ளும் விசையில் பெரும்பங்கு அந்த உரசலில் போய்விடுகிறது. அந்தப் பக்கம் பின்தங்குவதால் மூக்குப் பக்கம் முந்திக்கொள்கிறது, மில் கோணலாகிறது. நீங்கள் திருத்தித் திருத்தித் தள்ளுகிறீர்கள், தோள் வலிக்கிறது. அடிச்சட்டத்தில் எத்தனை சக்கரம் வைத்தாலும் இது தீராது.

முதலில் கூர்முள் தகட்டைக் கழற்றுங்கள். மரத்தைக் குறுக்கே வெட்டும்போதுதான் அதற்கு வேலை. பலகை அறுக்கும்போது அது மரப்பட்டையில் குத்தி நிற்க மட்டுமே செய்யும்.

அடுத்து, மரத்தின் பட்டையை உரித்துவிடுங்கள். பாரின் மட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு உரித்தால் போதும். வேம்பு, வாகை, புளி மூன்றின் பட்டையும் கரடுமுரடு. தாங்கி அதில் தட்டித் தடுமாறும். பட்டையின் வெடிப்புகளில் புகுந்திருக்கும் செம்மண்ணும் மணலும் சங்கிலியையும் மழுக்கும். ஒரே வேலையில் இரண்டு தொல்லைகள் போகின்றன.

இதற்குப் பிறகு சக்கரம். ஆம், சக்கரம் வைக்க வேண்டிய இடம் இதுதான். சக்கரத்தின் அச்சு செங்குத்தாக நிற்க வேண்டும். சக்கரம் மரத்தின் விலாவில் உருள வேண்டும். 6202 எண்ணுள்ள பேரிங் இதற்குப் பொருத்தமானது. உள்துளை 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மில்லிமீட்டர். இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். திறந்த பேரிங்கில் மரத்தூள் புகுந்தால் வெகு சீக்கிரம் இறுகிவிடும். வெறும் பேரிங் குறுகலானது. உரித்த பச்சை மரத்தில் அமுங்கிப் பள்ளம் போடும். அதனால் லேத் பட்டறையில் கொடுத்து, 60 மில்லிமீட்டர் விட்டமும் 40 மில்லிமீட்டர் அகலமும் உள்ள நைலான் உருளை ஒன்றைக் கடைந்து, இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு பேரிங்கை உள்ளே அழுத்தச் சொல்லுங்கள். நைலான் உப்பும் என்று மேலே சொன்னேன். உருளைக்கு அது பொருட்டில்லை, ஒரு மயிரிழை விட்டம் கூடினாலும் பலகையின் தடிமன் மாறாது.

உருளையைப் பாருக்கு மேலே, தாங்கியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். பொருத்தும்போது ஒரு நுணுக்கம் உண்டு. உருண்டையான மரத்தின் மேல்பாதியை அறுக்கும்போது, பாரின் மட்டத்தில் உள்ள அகலத்தைவிட அதற்குமேல் உள்ள அகலம் குறைவு. உருளை தொட வேண்டிய விலா உள்ளே சரிந்திருக்கும். உருளையைத் தாங்கியின் முகத்தோடு சமமாக வைத்தால் அது காற்றில் நிற்கும். தாங்கிதான் மரத்தில் உரசும். எனவே உருளையின் அச்சை நீள்துளையில் நிறுத்தி, மரத்துக்கு ஏற்றபடி முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கும்படி செய்யுங்கள். 40 மில்லிமீட்டர் நகர இடமிருந்தால் பெரும்பாலான மரங்களுக்குப் போதும். நகர்த்தும் அளவுக்கு ஏற்பப் பாரின் பயன்படும் நீளம் குறையும். பருத்த மரத்தில் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டியபின் சங்கிலியைக் கையுறையோடு கையால் ஒரு முழுச் சுற்று நகர்த்திப் பாருங்கள். போல்ட், வாஷர், உருளை எதுவும் சங்கிலிக்கு ஒரு விரற்கடைக்குள் வரக் கூடாது.

அறிகுறி: தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் இடறுகிறது

வழிப்பலகை குட்டையாக இருக்கிறது. மரத்தின் இரு முனைகளிலும் குறைந்தது ஓரடி வெளியே நீட்டியிருக்க வேண்டும். பார் மரத்தைத் தொடுமுன்பே இரண்டு அடிச்சட்டங்களும் பலகைமேல் முழுதாக அமர்ந்திருந்தால் இடறல் வராது. நுழையும்போது முன் கைப்பிடியில் அழுத்தம், வெளியேறும்போது பின் கைப்பிடியில் அழுத்தம்.

முதல் பலகையை எடுத்தபின், அறுத்த முகத்தையே வழியாக வைத்து அடுத்த பலகையை எடுப்பவர்களுக்கு நீட்டிக்கொள்ள எதுவும் இல்லை. அவர்கள் அடிச்சட்டத்தின் முன்முனையையும் பின்முனையையும் சற்று மேல்நோக்கி வளைத்துவிட வேண்டும். அலுமினியக் குழாயை வளைத்தால் நசுங்கும். குழாயின் முனையில் வளைத்த இரும்புப் பட்டை ஒன்றைப் போல்ட் போட்டுப் பூட்டி, பிளாஸ்டிக் பட்டையை அந்த வளைவுவரை ஏற்றிவிடுங்கள். அறுத்த முகத்தின் விளிம்பில் அது தட்டாமல் ஏறிக்கொள்ளும்.

அறிகுறி: நன்றாகப் போய்க்கொண்டிருந்து நடுவில் இறுகி நிற்கிறது

மரம் பாரைக் கவ்விவிட்டது. மேலே அறுந்த பலகை தன் எடையால் பின்னால் சரிந்து, வெட்டுத் தடத்தை மூடுகிறது. சரிவில் நின்று வளர்ந்த மரத்துக்கும் கிளைமரத்துக்கும் உள்ளே இறுக்கம் அதிகம். அறுக்க அறுக்கப் பலகை வில்லாக வளைந்து தடத்தை நெரிக்கும்.

பாருக்குப் பின்னால் இரண்டடிக்கு ஓர் ஆப்பு வீதம் சொருகிக்கொண்டே வாருங்கள். செயின்சாவின் வெட்டுத் தடம் ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஆப்பும் அந்தத் தடிமன்தான் இருக்க வேண்டும். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்துத் தடித்த ஆப்பை ஏற்றினால் மேற்பலகை தூக்கிக்கொள்ளும். அதன்மேல் அமர்ந்திருக்கும் மில்லும் தூக்கிக்கொண்டு, பலகையின் தடிமன் அந்த இடத்தில் மாறிவிடும். ஆப்பு மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். இரும்பு ஆப்பைச் சங்கிலி தொட்டால் சங்கிலிக்கும் கேடு, உங்களுக்கும் கேடு.

ஆப்பு வைத்தும் இறுகினால், மூக்குப் பக்கப் பூட்டைப் பாருங்கள். பாரின் மூக்கில் சிறு பற்சக்கரம் உள்ளே சுழல்கிறது. மில்லின் கவ்வி அதன்மேல் விழுந்து இறுக்கினால் சக்கரம் திணறும், மூக்கு சூடேறும். கவ்வியைப் பற்சக்கரத்துக்குப் பின்னால் நகர்த்துங்கள். சங்கிலி ஓடும் பள்ளத்தையும் கவ்வி நெரிக்கக் கூடாது.

அறிகுறி: தள்ளினால் போகிறது, ஆனால் நத்தை வேகம், தூள் மாவாக வருகிறது

நன்றாகத் தீட்டிய சங்கிலி, இந்த மில்லில் ரவை போன்ற தூளைத் தரும். மழுங்கியது மாவைத் தரும். இதைவிட நம்பத்தகுந்த அளவுகோல் இல்லை. மாவு வரத் தொடங்கியபின் அழுத்தித் தள்ளுவதால் சூடுதான் ஏறும்.

கடையில் செயின்சாவோடு வரும் சங்கிலி மரத்தைக் குறுக்கே வெட்டுவதற்கானது. அதன் பற்களின் மேல்தட்டு ஏறக்குறைய 30 பாகை கோணத்தில் தீட்டப்பட்டிருக்கும். பலகை அறுக்கும்போது பற்கள் நாரின் முனைகளைச் சந்திப்பதால் அந்தக் கோணம் பொருந்தாது. 10 பாகைக்குத் தீட்டிய சங்கிலிதான் சமமாகவும் வழுவழுப்பாகவும் அறுக்கும். தனிச் சங்கிலி வாங்கலாம். அல்லது இருக்கும் சங்கிலியையே, ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கோணத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து 10 பாகைக்குக் கொண்டுவரலாம். இரண்டாவது முறையில் சங்கிலியின் ஆயுளில் ஒரு பங்கு போகும், பணம் மிச்சம்.

பல்லுக்கு முன்னால் நிற்கும் ஆழ அளவியையும் பாருங்கள். அது பல்லின் உச்சியைவிட ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். தீட்டத் தீட்டப் பல் தாழும், அளவி அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் பல் மரத்தைத் தொடவே முடியாமல் போகும். அளவியை மட்டமிறக்க ஒரு தட்டை அரம் போதும். அதிகம் இறக்கினால் பல் ஆழமாகக் கடித்து மில் குதிக்கும். பலகையில் பள்ளம் விழும். எல்லாப் பற்களும் ஒரே நீளத்தில் இருப்பதும் முக்கியம். வலப்பக்கப் பற்கள் நீளமாகவும் இடப்பக்கப் பற்கள் குட்டையாகவும் இருந்தால் பார் மேலேயோ கீழேயோ ஏறி இறங்கும். வழிப்பலகை எவ்வளவு நேராக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

ஒவ்வொரு டாங்கி எரிபொருள் தீரும்போதும் சங்கிலியை ஒருமுறை தீட்டுவது நல்ல பழக்கம். புளி, வெள்வேல் போன்ற வைரமேறிய மரத்தில் அதற்கும் முன்பே தேவைப்படும். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில் (மேய்ச்சல் நிலங்களில்) நிற்கும் முதிர்ந்த வெள்வேல் மரத்தைச் சாதாரணச் சங்கிலியால் அறுக்க முயல்வது சங்கிலிக்கும் இயந்திரத்துக்கும் தண்டனை.

இரண்டடிக்குமேல் நீளமுள்ள பார் என்றால் எண்ணெயையும் கவனிக்க வேண்டும். இயந்திரம் தரும் எண்ணெய் பாரின் மேல்விளிம்பில் மூக்குவரை போய்த் திரும்பி, வெட்டும் விளிம்புக்கு வருவதற்குள் வற்றிவிடுகிறது. மூக்குப் பக்கம் சிறு பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை நிறுத்தி, சொட்டு நீர்ப் பாசனத்துக்கான மெல்லிய குழாயையும் சிறு வால்வையும் பொருத்தி, சங்கிலி மரத்துக்குள் நுழையும் இடத்தில் எண்ணெய் சொட்டச் செய்யுங்கள். சொட்டு நீர்க் குழாயின் துண்டு நம் தோட்டங்களில் எங்கும் கிடக்கும்.

இயந்திரத்தின் வலுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒன்றேகால் அடி அகலத்துக்கு 60 சி.சி. இயந்திரம் தாக்குப்பிடிக்கும். இரண்டடிக்கு 90 சி.சி. இல்லாமல் இறங்காதீர்கள். பலகை அறுப்பது என்றால் நிமிடக்கணக்காக முழு வேகத்தில் ஓட்டுவது. காற்று வடிகட்டியை அடிக்கடி தட்டித் துடையுங்கள். ஒவ்வோர் அறுப்பும் முடிந்ததும் உடனே அணைக்காமல், சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு ஆறவிடுங்கள்.

அறிகுறி: ஓரிடத்தில் டக்கென்று தடுமாறியது, அதிலிருந்து எல்லாமே கனம்

ஆணி. சாலையோரப் புளியமரம் என்றால் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் உள்ளே புதைந்திருக்கும். வேலியோர வேம்பில் முள்கம்பி. மரத்தின் வெட்டுமுகத்தில் நீலமோ கறுப்போ பாய்ந்த கறை தெரிந்தால் அதன் வழியில் இரும்பு இருக்க வாய்ப்பு அதிகம். நிறுத்தி, ஆணியைத் தோண்டி எடுத்து, எல்லாப் பற்களையும் தீட்டியபின் தொடருங்கள். இந்த அறிகுறிக்கு வேறு காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அறிகுறி: பலகையில் குறுக்கே படிபடியாகக் கோடுகள்

வழுக்கல் சீராக இல்லை. தள்ளி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தள்ளும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோடு விழுகிறது. மேலே சொன்ன உரசல்களைத் தீர்த்தால் இதில் பெரும்பகுதி தானாகவே குறையும்.

அடிச்சட்டத்தில் சக்கரம் வைத்தவர்களுக்குத்தான் இந்தக் கோடு அதிகமாக விழுகிறது. சிறிய பேரிங் ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. வழிப்பலகையில் உள்ள ஒவ்வொரு சிறு மேட்டிலும் ஏறி இறங்குகிறது. முன்னால் குவியும் தூளின்மேலும் ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கம் அப்படியே பாருக்குப் போகிறது. நீளமான வழுக்குப் பட்டை அந்த மேடுபள்ளங்களைப் பாலமாகக் கடந்துவிடும், தூளையும் முன்னால் வழித்துத் தள்ளிவிடும். இன்னொரு குறையும் உண்டு. உரசலே இல்லாத மில், மரம் மென்மையான இடத்தில் முன்னால் பாய்கிறது. சங்கிலி திணறி நிற்கிறது. கைக்குத் தெரியும் அளவுக்குச் சிறிது உரசல் இருப்பதுதான் நல்லது. இரும்பு ஆங்கிளை வழியாகப் போட்டு, அதன் விளிம்பில் பள்ளச் சக்கரம் ஓடும்படி அமைப்பவர்களுக்கு மட்டும் இந்தக் குறைகள் அவ்வளவாகப் பொருந்தா. அந்த அமைப்பு நல்லதே. தோட்டம் தோட்டமாகத் தூக்கிச் செல்வதுதான் கடினம்.

வழிப்பலகை நடுவில் தொய்கிறதா என்றும் பாருங்கள். அலுமினிய ஏணியை வழியாகப் பயன்படுத்தினால், மூன்றடிக்கு ஒருமுறை அதன் கீழே மரத்துண்டு வைத்துத் தாங்கல் கொடுங்கள். நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தபின் திருகுங்கள். இந்த முதல் வழி கோணினால் அந்த மரத்தில் எடுக்கும் எல்லாப் பலகைகளிலும் அந்தக் கோணல் தொடரும்.

அறிகுறி: தென்னையிலும் பனையிலும் மட்டும் தொல்லை

மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில். தென்னைக்கும் பனைக்கும் வெளிவட்டம்தான் கெட்டி, உள்ளே சோறு. ஒரே அறுப்பில் சங்கிலி இரண்டு ஓரங்களில் கெட்டியையும் நடுவில் மென்மையையும் சந்திக்கிறது. உள்ளிருக்கும் நார் சங்கிலியிலும் அடிச்சட்டத்திலும் சுற்றிக்கொள்கிறது. எண்ணெய்த் துளையையும் அடைக்கிறது. ஒவ்வோர் அறுப்புக்குப் பிறகும் இயந்திரத்தை அணைத்து, மூடியைக் கழற்றி நாரை எடுத்தே ஆக வேண்டும்.

நடுவழியாக அறுத்து அகலப் பலகை எடுக்கும் ஆசையைத் தென்னையில் விட்டுவிடுங்கள். நடுப்பகுதி காய்ந்ததும் சுருங்கி நொறுங்கும். வெளிவட்டத்திலிருந்து மட்டும் குறுகிய பலகைகளையும் சட்டங்களையும் எடுத்தால், மில் லேசாக ஓடும்; கிடைக்கும் மரமும் உறுதியாக இருக்கும். அடிப்பாகத்தின் 10, 15 அடி மிகக் கெட்டி. சங்கிலியைத் தீட்டி முதலில் அதை அறுத்துவிட்டு, பிறகு மேலே போங்கள். இந்த இரண்டு மரங்களும் சங்கிலியை வேகமாக மழுக்கும் என்பதால், தீட்டிய இன்னொரு சங்கிலி கையில் இருக்கட்டும்.

பனையைப் பற்றி ஒன்று. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று தமிழக அரசின் 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. நிற்கும் பனையில் கைவைக்குமுன் அந்த வழியாகப் போங்கள். கொங்கு நாட்டில் பனை குறைந்துவிட்டது. விழுந்த பனையைப் பலகையாக்குவதுதான் முறை.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் இடுப்பும் தோளும் தாங்கவில்லை

மரத்தின் கிடையை மாற்றுங்கள். தொடங்கும் முனையை நெம்பித் தூக்கி, கீழே கட்டை வைத்து, முடியும் முனையைவிட ஓரடி உயர்த்திவிட்டால், பத்தடி மரத்தில் மில்லின் எடையே உங்களுக்காக வேலையில் ஒரு பங்கைச் செய்யும். உருளாமல் இருக்க இருபக்கமும் முட்டுக் கொடுத்தபின்பே தொடங்குங்கள். மரம் முழங்கால் உயரத்துக்கு மேலே இருந்தால் குனிவது குறையும்.

காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வீசும் மாதங்களில் மரத்தை அதற்கேற்பத் திருப்பிப் போட்டால் புகையும் தூளும் உங்களை விட்டு விலகிப் போகும். இயந்திரத்தின் புகைக்கு அருகில் குனிந்து நிற்கும் வேலை இது. மூடிய கொட்டகைக்குள் செய்யவே கூடாது. வாகை மரத்தின் தூள் கடுமையான தும்மலைத் தரும். மூக்குமூடி, கண்ணாடி, காதடைப்பு மூன்றும் எல்லா மரத்துக்கும் வேண்டும்.

சரிவும் போதாத பருத்த மரத்துக்குக் கைவின்ச் வைக்கலாம். மரத்தின் முடியும் முனையில் வின்ச்சைப் பூட்டி, கயிற்றை மில்லின் இரண்டு தூண்களிலும் கவைபோலப் பிரித்துக் கட்டுங்கள். ஒரே தூணில் கட்டினால் மில் கோணலாக இழுபடும். இயந்திரப் பக்கம்தான் அதிகம் பின்தங்கும் என்பதால் கவையின் முடிச்சை அந்தப் பக்கம் சற்று நகர்த்தி வையுங்கள். எவ்வளவு என்பதை முதல் ஓரடி அறுப்பிலேயே பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். வின்ச்சைச் சுற்றுபவர் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். சத்தம் தாழ்ந்தால் நிறுத்தி, ஏறியபின் மறுபடி சுற்ற வேண்டும். ஆக்ஸிலேட்டரைக் கயிற்றால் கட்டிவிட்டு விலகி நிற்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள். வின்ச் இழுத்தாலும் ஒருவருடைய கை ஆக்ஸிலேட்டரில் இருக்க வேண்டும். கை எடுத்த நொடியில் சங்கிலி நிற்க வேண்டும்.